பதினொரு வயதுப் பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா?

கேள்வி:

வணக்கம். நாங்கள் பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வசிக்கிறோம். சொந்த ஊர் வாணியம்பாடி. கணவர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மதியம் வரை வேலை பார்க்கிறேன். மகனுக்கு 11 வயது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். போன வருஷம் வரை சுமாராகப் படித்தவன் இந்த வருஷம் எல்லாப் பாடத்திலும் பின்தங்கிவிட்டான். நோட்டில் எழுதி முடிப்பதில்லை, எழுத்துப் பிழை அதிகம் என்று தினமும் டைரியில் குறிப்பு வருகிறது. எழுதி முடிக்காததற்காக இரண்டு முறை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால் வயிறு வலிக்கிறது என்கிறான்.

ஆனால் வீட்டில் அவன் வேறு பையன். பிஎம்டிசி பஸ் நம்பர் எதைச் சொன்னாலும் எங்கிருந்து எங்கே போகும், நடுவில் எங்கெல்லாம் நிற்கும் என்று ஒப்பிப்பான். மெட்ரோ வரைபடத்தைப் பார்க்காமலே வரைவான். எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு குடும்பம் மகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறது. தேர்வே வைக்காத பள்ளிகள் கனகபுரா சாலைப் பக்கம் இருப்பதாகவும் சொல்கிறார்கள். எனக்கு ஆசையாக இருக்கிறது. கணவர், “பத்தாவது சர்டிபிகேட்டுக்கு என்ன செய்வாய்?” என்கிறார். மாமியார், “ஊரில் கேட்டால் பையன் ஸ்கூலுக்கே போகவில்லை என்றா சொல்வது?” என்கிறார். இரண்டாம் வகுப்பு படிக்கும் சின்னவள் அதே பள்ளியில் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். கல்வியாண்டின் நடுவில் அவசரப்பட்டு டிசி வாங்காதீர்கள். அதே சமயம், அடுத்த ஜூன் மாதம் அவன் இதே நிலையில் இதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கவும் கூடாது. இடையில் இருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் அந்த வயிற்று வலி. குழந்தைகள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் “நடிக்கிறான்” என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். பயம் உடம்பில் வலியாக வருவது குழந்தைகளிடம் சகஜம். அந்த வலி நிஜமான வலி. எந்தெந்த நாளில் வருகிறது என்று ஒரு காலண்டரில் குறித்துவையுங்கள். ஞாயிறு மட்டுமா? கணக்கு டெஸ்ட்டுக்கு முந்தைய நாளா? குறிப்பிட்ட ஓர் ஆசிரியையின் வகுப்பு இருக்கும் நாளா? ஒரு மாதக் குறிப்பு கையில் இருந்தால், பள்ளி முழுக்கப் பிடிக்கவில்லையா, ஒரு பீரியட் மட்டும் பயமுறுத்துகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

அடுத்தது, உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் என் கண்ணில் பட்டது. இவ்வளவு நிறுத்தங்களை நினைவில் வைத்திருக்கிறான், வரைபடத்தை மனதிலிருந்தே வரைகிறான். ஆனால் நோட்டில் எழுதி முடிக்க முடியவில்லை, எழுத்துப் பிழை குறையவில்லை. வாயால் சொல்வதற்கும் கையால் எழுதுவதற்கும் இவ்வளவு தூரம் இருந்தால், அதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கித் தள்ளுவது அநியாயம். புத்திசாலிப் பிள்ளைக்கும் வாசிப்பும் எழுத்தும் கடினமாக இருக்கும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஒரு கடிதத்தை வைத்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை ஞாபக சக்தியை வைத்தே சமாளித்துவிடும் குழந்தைகள், ஆறாம் வகுப்பில் எழுத்து வேலை கூடும்போது திடீரென்று தடுமாறுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ‘நன்றாக இருந்த பையன் கெட்டுப்போய்விட்டான்’ என்று தோன்றும்.

கண் பரிசோதனையை முதலில் முடியுங்கள். பிறகு ஓசூர் சாலையில் நிமான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவில் இந்த மதிப்பீட்டைச் செய்கிறார்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டிவரும், ஆனால் நம்பகமான இடம். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. சான்றிதழ் கிடைத்தால், அந்த விதிகளின்படி சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உண்டு. தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஆள் உண்டு, மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு உண்டு. இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், இது தெரியாமல் எந்தப் பள்ளிக்கு மாற்றினாலும் இந்தச் சிக்கலும் பையோடு கூடவே வரும். எவ்வளவு அன்பான மாற்றுப் பள்ளியாக இருந்தாலும், வாசிப்பில் தடுமாறும் குழந்தைக்கு முறையான பயிற்சி கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் தேவை. சுதந்திரம் மட்டும் கொடுத்தால் எழுத்துக்கூட்டல் வந்துவிடாது.

வெளியே நிற்க வைத்த விஷயத்தைச் சும்மா விடாதீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடலால் தண்டிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சண்டை போடப் போக வேண்டாம். வகுப்பாசிரியையிடம் நேரில் பேசுங்கள், பிறகு நடந்ததைத் தேதியோடு எழுதித் தலைமை ஆசிரியருக்குக் கொடுங்கள். மதிப்பீடு நடந்துகொண்டிருக்கிறது, முடியும் வரை நோட்டு எழுதும் வேலையைக் குறைத்துக்கொடுங்கள், வாய்மொழியாகவும் கேள்வி கேளுங்கள் என்று அதிலேயே கேளுங்கள். சின்னவள் அங்கே சந்தோஷமாக இருப்பதைப் பார்த்தால், காது கொடுத்துக் கேட்கும் ஆசிரியர் ஒருவராவது அங்கே இருக்கக்கூடும். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகும் அவமானப்படுத்துவது நிற்கவில்லை என்றால், மேலே நான் சொன்ன ஜூன் மாதக் கணக்கை மறந்துவிடுங்கள். அந்த வாரமே அழைத்து வந்துவிடுங்கள். அப்படி நிறுத்துவதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். கணவர் என்ன சொல்கிறார், மாமியார் என்ன சொல்கிறார், பக்கத்து வீட்டில் என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் தேடுவது குழந்தையை மையமாக வைக்கும் கல்வி. அது இந்த முடிவிலேயே தொடங்க வேண்டும், அடுத்த பள்ளியில் சேர்ந்த பிறகு அல்ல. “ஸ்கூல் பிடிக்குதா?” என்று கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போவான். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். நாளில் எந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறாய்? சாப்பாட்டு வேளையில் யார் கூட உட்காருகிறாய்? ஒரே ஒரு பீரியடை எடுத்துவிடலாம் என்றால் எதை எடுப்பாய், அந்த நேரத்தில் என்ன செய்வாய்? கேட்டுவிட்டு, உடனே அறிவுரை சொல்லாமல் கொஞ்சம் சும்மா இருங்கள். ஒருவேளை அவனுக்கு நண்பர்களை விட்டுவர மனமில்லாமல் இருக்கலாம். அப்படியானால் அதுவும் எடை போட வேண்டிய விஷயம்தான்.

சரி, இப்போது மாற்றுக் கல்விக்கு வருவோம்.

எங்கள் பள்ளியில் தேர்வு இல்லை, யூனிஃபார்ம் இல்லை, மரத்தடியில் வகுப்பு என்று சொல்லும் விளம்பரங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பள்ளியில் ஒரு சாதாரண மணி நேரம் எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. உங்கள் மகனையே எடுத்துக்கொள்கிறேன். நல்ல ஆசிரியை ஒருவர் கையில் அவன் கிடைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? அவனுடைய மெட்ரோ வரைபடத்தையே மேசையில் விரிப்பார். பர்ப்பிள் லைன் காடுகோடியிலிருந்து சல்லகட்டா வரை சுமார் 43 கிலோமீட்டர், 37 நிலையங்கள். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் சராசரியாக எவ்வளவு தூரம்? அவன் 43-ஐ 37-ஆல் வகுப்பான். ஆசிரியை தப்பு என்று சொல்ல மாட்டார். மூன்று நிலையம் மட்டும் வரைந்து, நடுவில் எத்தனை இடைவெளி என்று எண்ணச் சொல்வார். இரண்டுதான். அப்போது 37 நிலையத்துக்கு 36 இடைவெளி என்று அவனே பிடித்துவிடுவான். ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் என்று விடை வரும். இதை அவன் சாகும்வரை மறக்க மாட்டான். அடுத்த நாள் அவனே கேட்பான்: கே.ஆர்.புரத்துக்கும் பையப்பனஹள்ளிக்கும் நடுவில் உள்ள துண்டு மட்டும் ஏன் தாமதமாக 2023 அக்டோபரில் திறந்தது? ஒயிட்ஃபீல்டு பக்கம் மார்ச்சிலேயே ஓட ஆரம்பித்துவிட்டதே? அங்கிருந்து ரயில் பாதைக்கு மேலே பாலம் கட்டுவது, தூண், பளு, இரும்பு என்று அறிவியலுக்குள் போய்விடலாம்.

பஸ்ஸை எடுத்துக்கொண்டால் 335இ மெஜஸ்டிக்குக்குப் போகிறது. மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்ற ஏரி. ஏரி எப்படி பஸ் நிலையம் ஆனது, இந்த ஊரில் ஏன் இத்தனை ஏரி வெட்டினார்கள், அவை போனதும் மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று வரலாறும் புவியியலும் அவன் வீட்டு வாசல் வரை வந்துவிடும். கே.ஆர்.புரத்தில் வெள்ளம் தேங்குவதை அவன் கண்ணால் பார்த்தவன்தானே. பஸ் பலகையில் கன்னடத்தில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் என்றால் கன்னடம் படிக்க அவனுக்கே ஒரு காரணம் கிடைக்கும். தன் பகுதிக்கு ஒரு பஸ் கூடுதலாக வேண்டும் என்று பிஎம்டிசிக்குக் கடிதம் எழுதச் சொன்னால், எழுத்துப் பிழையைத் தானே திருத்த நினைப்பான். மதிப்பெண்ணுக்காக எழுதிய கட்டுரையில் அந்த அக்கறை ஒருநாளும் வராது.

இதைக் கேட்டால் நன்றாக இருக்கும், ஆனால் இதில் பாதிதான் இனிப்பு. மீதிப் பாதியில் ஆசிரியை பிடிவாதக்காரராக இருக்க வேண்டும். பின்னம், தசமம், இயற்கணிதம் எல்லாம் தினசரிப் பழக்கத்தால் வருபவை. பஸ்ஸில் ஆர்வம் உள்ள பையன் தானாக இயற்கணிதத்துக்குப் போக மாட்டான். ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். அவன் ‘வேண்டாம்’ என்று சொல்லும் நாளிலும் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும். குழந்தை கேட்டால் மட்டுமே கற்பிப்போம் என்று சொல்லி, 14 வயதில் வகுத்தல் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளை உருவாக்கும் இடங்களும் இருக்கின்றன. அதைக் குழந்தைக்குக் கொடுக்கும் மரியாதை என்று என்னால் ஏற்க முடியாது. பெரியவர்கள் தங்கள் வேலையைச் செய்யாமல் விடுவது அது.

இந்த மாதிரிக் கல்வி பணக்காரர்களுக்கு மட்டுமானது என்ற எண்ணமும் வேண்டாம். 1972-இல் கோலார் மாவட்டத்தில் ராயல்பாடு கிராமத்தில் டேவிட் ஹார்ஸ்பர்க் என்பவர் நீல்பாக் என்று ஒரு பள்ளி தொடங்கினார். கிராமத்துப் பிள்ளைகள், தேர்வு இல்லை, எல்லா வயதுக் குழந்தைகளும் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாடத்திலும் அவரவர் வேகத்தில் முன்னேறினார்கள். தச்சு வேலை, தையல் எல்லாம் பாடத்தோடு சேர்ந்ததுதான். அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் பெங்களூருவைச் சுற்றிச் சின்னச் சின்னப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். ஆந்திராவில் ரிஷிவேலி பள்ளியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில், பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல ஒவ்வொன்றாக ஏறிப் படிக்க வைக்கும் ஒரு முறை வளர்ந்தது. அதைப் பார்த்து 1995-இல் மைசூரு மாவட்டம் எச்.டி.கோட்டையில் அரசுப் பள்ளிகளில் ‘நலி கலி’ தொடங்கியது. இன்று கர்நாடக அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளுக்கு அதுதான் முறை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ஆரம்பித்து, பிறகு தமிழ்நாடு முழுவதும் போன செயல்வழிக் கற்றலுக்கும் ரிஷிவேலிதான் மூலம். உங்கள் வாணியம்பாடி உறவுக்காரப் பிள்ளைகளில் யாராவது அரசுத் தொடக்கப் பள்ளியில் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்திருப்பார்கள், கேட்டுப்பாருங்கள். எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அட்டை தொலைந்துபோன வகுப்பறையில் முறையும் தொலைந்துபோனது. ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்கு இது சரிப்படாது என்ற பேச்சு உண்மையில்லை.

உங்களுக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது? கனகபுரா சாலையில் நீங்கள் கேள்விப்பட்டது வேலி ஸ்கூலாக இருக்கலாம். தத்துவச் சிந்தனையாளர் ஜே.கிருஷ்ணமூர்த்தியின் அறக்கட்டளை 1978-இல் அதைத் தொடங்கியது. 1990-இல் தொடங்கிய சென்டர் ஃபார் லேர்னிங் என்ற பள்ளி இப்போது மாகடிப் பக்கம் வரதேனஹள்ளியில் இருக்கிறது. எலஹங்காப் பக்கம் பூர்ணா, சர்ஜாபூர் சாலையில் பிரக்ரியா என்று இன்னும் சில இருக்கின்றன. இவற்றில் எதையும் நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. ஏனென்றால் கே.ஆர்.புரத்திலிருந்து கனகபுரா சாலை என்பது ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை. சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போய்வர ஒரு நாளில் மூன்று மணி நேரம் வேனில் கழித்தால், பையனுக்கு விளையாடவும் சும்மா இருக்கவும் நேரம் இருக்காது. வகுப்பறையில் கிடைத்த நிம்மதியை வேன் பிடுங்கிக்கொள்ளும். சின்னப் பள்ளிகளில் இடமும் குறைவு, நடு வகுப்பில் சேர்ப்பது அரிது. கட்டணமும் பல இடங்களில் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும். ஊர் மாறிப் போகலாமா என்ற யோசனை இருந்தால் தவிர, வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போகக்கூடிய பள்ளிகளை மட்டும் பாருங்கள். அதில் ‘மாற்று’ என்ற பெயரே இல்லாத ஒரு சாதாரணப் பள்ளியும் இருக்கலாம். நல்ல தலைமை ஆசிரியை ஒருவர் இருந்தால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் பிள்ளை பிழைத்துக்கொள்வான். மான்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதற்குக் காப்புரிமை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பார்க்கப் போகும்போது பெற்றோர்களுக்கென்று ஏற்பாடு செய்த நாளில் போகாதீர்கள். செவ்வாய், புதன் போன்ற ஒரு சாதாரண நாளில் அரை மணி நேரம் வகுப்பின் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். அனுமதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில். உட்கார்ந்தால் கேள்வி யார் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியர் மட்டும் கேட்டு, பிள்ளைகள் மட்டும் பதில் சொன்னால், சுவரில் எவ்வளவு அழகான ஓவியம் இருந்தாலும் அது பழைய பள்ளிதான். ஒரு பிள்ளை தவறாகச் சொன்னால் அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிரிக்கிறார்களா, அப்படியே கடந்துபோகிறார்களா, அந்தத் தவறை எடுத்துப் பேசுகிறார்களா? அப்புறம் நேராகவே கேளுங்கள்: வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை கடைசியாக யார், அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள்? பெயர் வேண்டாம், என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்லட்டும். பள்ளியில் அப்படி ஒரு குழந்தையும் இல்லை என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டிலேயே படிக்க வைப்பது பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான், ஆனால் உங்கள் வீட்டு நிலையை வைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் மதியம் வரை வேலைக்குப் போகிறீர்கள், கணவர் நாள் முழுக்க இல்லை. காலை எட்டிலிருந்து ஒன்று வரை அவன் யாருடன் இருப்பான்? மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனால், அவருக்கே இதில் நம்பிக்கை இல்லாதபோது இருவருக்கும் கஷ்டம். வேலையை விடுவது என்றால் வீட்டு வரவு செலவைக் கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். அதைவிடப் பெரிய விஷயம் கூட்டு. 11 வயதுப் பையனுக்குப் பாடம் சொல்லித்தர அம்மா போதும், விளையாடவும் சண்டை போடவும் அவன் வயதுப் பிள்ளைகள் வேண்டும். உங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு பெண் குழந்தை ஏற்கெனவே வீட்டில் படிக்கிறாள் என்பது நல்ல தொடக்கம். அந்த அம்மாவோடு பேசுங்கள். வாரத்தில் சில நாள் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து படிக்க முடியுமா, பகுதி நேரமாக ஓர் ஆசிரியரை இருவரும் சேர்ந்து வைக்க முடியுமா என்று விசாரியுங்கள். மற்ற நேரத்துக்கு பெங்களூருவில் இடத்துக்குக் குறைவில்லை. கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், கப்பன் பார்க்கில் குழந்தைகள் நூலகம், நேரு கோளரங்கம். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் இருக்கிறது. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வீட்டில் படிக்க வைத்தால் முதலில் மீட்டெடுக்கக்கூடியது அதுதான். அதே சமயம் கன்னடத்தை விட்டுவிடாதீர்கள். கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் கன்னடம் கட்டாயம். பள்ளியை விட்டு வந்தால் அது தானாகக் கிடைக்காது. இந்த ஊரில் வாழப்போகிற பையனுக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கணவர் கேட்பார். 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை இல்லை. வீட்டுக் கல்வியைப் பற்றி வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. பல குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் நடத்திவருகின்றன. திரும்பி வருவதற்கும் வழி அடைபடவில்லை. 14 வயதுக்குள் எப்போது வந்தாலும் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 4-ஆவது பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது டிசி வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 5-ஆவது பிரிவு சொல்கிறது.

பத்தாவது சர்டிபிகேட் பற்றிய அவருடைய கவலை நியாயமானது, அதற்கு விடையும் இருக்கிறது. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ் என்பார்கள், 1989-இல் தொடங்கியது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்கு நேரடியாகப் பதிவு செய்யலாம். முன்பு எந்தப் பள்ளியில் படித்தான் என்பது தடையில்லை. ஒரு மொழியாவது சேர்த்து ஐந்து பாடம். தமிழும் உண்டு. ஓவியம், டேட்டா என்ட்ரி என்று நம் பள்ளிகளில் இல்லாத பாடங்களும் உண்டு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும், அதற்குள் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். எழுதுவதில் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு கிடையாது. சிபிஎஸ்இ சான்றிதழுக்குச் சமமானது. பிளஸ் டூ, டிப்ளமோ, கல்லூரி என எல்லாப் பக்கமும் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: கணக்கும் அறிவியலும் அங்கே கட்டாயம் இல்லை என்பதால் பலர் சுலபமான பாடங்களை எடுத்துவிட்டு, பிறகு பாலிடெக்னிக் வாசலில் நின்று வருத்தப்படுகிறார்கள். பஸ்ஸும் ரயிலும் பிடித்த பையன் கணக்கை விடக் கூடாது. பதிவை நீங்களே என்ஐஓஎஸ் இணையதளத்தில் செய்யுங்கள். ‘நாங்கள் பாஸ் போட்டுத் தருகிறோம்’ என்று சொல்லும் டியூஷன் சென்டர்களின் பக்கமே போகாதீர்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவர் கவலையில் பாதி ஊர், மீதி பேரன். பேரன் பக்கத்துக்குப் பதில் சொன்னால் போதும். தசரா விடுமுறையில் அவனை ஒருநாள் பாட்டியோடு மெட்ரோவில் கடைசி நிலையம் வரை அனுப்புங்கள். வழியெல்லாம் அவன் விளக்கட்டும். அவனுக்கு மண்டையில் ஒன்றும் ஏறவில்லை என்று அதன் பிறகு அவர் சொல்ல மாட்டார்.

ஆக, விடுமுறைக்குள் கண் பரிசோதனை, தலைமை ஆசிரியருக்குக் கடிதம். நிமான்ஸில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பதிவு. நவம்பர், டிசம்பரில் அடுத்த ஆண்டுக்கான சேர்க்கை பேச்சு ஆரம்பித்துவிடும், அதற்குள் பக்கத்தில் இருக்கும் பள்ளிகளில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள், இரண்டாவது முறை போகும்போது அவனையும் அழைத்துப் போங்கள். மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும், பள்ளி என்ன பதில் சொன்னது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். என்ஐஓஎஸ் பற்றிக் கணவருக்குச் சந்தேகம் இருந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள், அவருக்குத் தனியாகப் பதில் தருகிறேன்.